இலைத்துணிப் போர்வை

சும்மா கிடைக்கிற எதையும் நான் நம்புவதில்லை. மரக்கறிக் கடையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக் கூடுதலாகப் போட்டால்கூட, பைக்குள் எந்தக் கிழங்கு அழுகியிருக்கிறதென்று கிளறிப் பார்ப்பேன். இது பிறவிக் குணமா, மாத்தளையில் மிளகு ஸ்டோரில் வேலை பார்த்து வந்த வியாதியா என்று தெரியாது. மிளகு மூட்டை என்று கொண்டுவந்து இறக்குவார்கள். மேலே மிளகு, நடுவே பப்பாசி விதை. அதற்காகவே நாங்கள் குத்தூசி வைத்திருந்தோம். முனை கூர், உடம்பில் வாய்க்கால் போல ஒரு குழி. சாக்கின் வயிற்றில் குத்தி இழுத்தால் உள்ளே இருப்பது குழியில் உட்கார்ந்து வெளியே வந்துவிடும். உலகத்தில் எல்லாவற்றையும் அப்படி ஒரு தடவை குத்திப் பார்த்தால் நல்லது என்பதுதான் என் கட்சி.

அப்படிப்பட்ட நான், முன்பின் தெரியாத ஒருவன் ஒரு பை நிறையத் துணியைச் சும்மா கொடுத்தபோது, பல்லைக் காட்டி வாங்கிக்கொண்டு வந்தேன்.

யுத்தத்தின் கடைசி வருஷங்கள். சண்டை வடக்கில்தான் நடந்தது. ஆனால் சந்தேகத்துக்கு வடக்கு தெற்கு கிடையாது. அது பஸ் ஏறி உக்குவளைக்கும் வந்து இறங்கியிருந்தது. ரயில் பாதைக்கு மேலே ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான், மூன்று பிள்ளைகள். மனைவி குவைத்தில், வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது. நடுவில் உள்ளவளுக்கு வயது குறைவு, வாய் அதிகம். கடைசிப் பொடியன் அப்போதுதான் முதலாம் வகுப்பு.

அந்த நாட்களில் எங்களைப் போன்ற தமிழன் ஒருவன் காலையில் வேலைக்குப் போய்ப் பொழுதுபடத் திரும்பாமல் போவதற்குப் பெரிய காரணம் ஒன்றும் வேண்டியதில்லை. யாருக்காவது ஒரு சந்தேகம் வந்தால் போதும். மற்ற வீடுகளில் தேடிக்கொண்டு போக ஒரு பெண்சாதி இருப்பாள். என் வீட்டில் தேடிப் போகக்கூடிய பெரிய ஆள் எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தது. ஆகவே எனக்கு அப்போது ஒரே ஒரு கவலைதான். என்னைக் கொண்டுபோய்விடக் கூடாது. கொண்டுபோனால் இந்த மூன்றுக்கும் யார் சோறு ஆக்குவது? என் சோறு அவ்வளவு சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது என்பது வேறு விஷயம்.

போர்வைக் கதை சண்டையில்தான் தொடங்கியது. மனைவி பார்சலில் ஒரு போர்வை அனுப்பியிருந்தாள். தடித்தது, ரோஜாப்பூப் போட்டது. மூன்று பேரும் அதற்குள்ளேதான் படுப்பார்கள். யாருக்கும் குளிருக்காக அது தேவைப்படவில்லை.

"அம்மா வாசம் என் பக்கந்தான் இருக்கு."

"ஒன் பக்கம் இருக்கிறது ஒன் கால் வாசம்."

"அப்பா! இவ மூக்கை வச்சி எல்லா வாசத்தையும் இழுத்து முடிக்கிறா!"

ஒரு நாள் இழுத்த இழுப்பில் ஓரம் கிழிந்தது. நான் நீதிபதி ஆனேன். "இனிமே அவங்கவங்களுக்கு அவங்கவங்க தைச்சுக்கிற போர்வை. அம்மாவோட போர்வை அலுமாரிக்குள்ள. ஞாயித்துக்கிழமை எல்லாரும் ஒருக்கா மோந்து பார்த்துக்கலாம்."

மாத்தளைச் சந்தையில் கார்மென்ட் தொழிற்சாலைகளின் வெட்டுத்துண்டுகளை நிறுத்து விற்பார்கள். வழக்கமாக அங்கே உட்கார்ந்திருப்பவர் அன்றைக்கு இல்லை, ஊருக்குப் போயிருக்கிறாராம். புதிதாக ஒருவன். அவன் தராசைப் பார்த்தானே தவிர என்னைப் பார்க்கவில்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். நிறுத்து முடித்துவிட்டு, காலடியில் கிடந்த இன்னொரு பையை என் பக்கம் தள்ளினான்.

"இதையும் கொண்டு போங்கண்ணே. காசு வேணாம். யாரும் எடுக்கிறாங்க இல்ல."

ஏன் யாரும் எடுக்கவில்லை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பஸ் வந்துவிட்டது. இலவசம் என்றால் வாய் அடைத்துவிடும் போலிருக்கிறது.

எங்கள் தையல் முறை இதுதான். பாயை விரித்து, அதன்மேல் மனைவியின் பழைய சேலை ஒன்று. சேலைக்கு மேல், நான் இடுப்பில் கட்டிப் பழசான சாரம் ஒன்றைப் பிரித்து விரிப்பது. அது உள்ளே கனத்துக்கு. அதற்கு மேல் சதுரத் துண்டுகள். பொடியனுடைய பள்ளிக்கூடக் கொப்பியை அளவாக வைத்து வெட்டினோம். துண்டோடு துண்டைச் சேர்ப்பது பெண்பிள்ளைகளின் சின்ன ஊசி. மூன்று அடுக்கையும் சேர்த்து, ஒவ்வொரு மூலையிலும் நூலை ஊடுருவ விட்டு முடிச்சுப் போடுவது என் வேலை. அதற்கு ஸ்டோரிலிருந்து கொண்டுவந்த கோணி ஊசியும் பருத்தி நூலும்.

"அப்பா, இது போர்வையா மிளகு மூட்டையா?" என்றாள் நடுவில் உள்ளவள். "முடிச்ச ஒடனே விலாசம் எழுதி கொழும்புக்கு அனுப்பிருவீங்களா?"

"அனுப்புவேன். ஒன்னையும் உள்ள வச்சுத் தைச்சு."

மூட்டைத் தையலில் இரண்டு வகை உண்டு என்று அன்றைக்குப் பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொடுத்தேன். ஒன்று மூடித் தைப்பது. அதைக் கத்தியால் அறுத்தால்தான் திறக்கும். மற்றது, பரிசோதனைக்குத் திரும்பத் திறக்க வேண்டிய மூட்டைக்கு. முனையில் கொக்கி வைத்த ஊசியால், கண்ணிக்குள் கண்ணி விட்டு இழுத்துக்கொண்டே போக வேண்டும். பார்த்தால் கெட்டியாக இருக்கும். நூலின் முனையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் வாய் முழுக்கச் சரசரவென்று பிரிந்துவிடும். பொடியன் அதைத் திரும்பத் திரும்பச் செய்து காட்டச் சொன்னான். நானும் ஒரு தலையணை உறையில் தைத்தும் பிரித்தும் வித்தை காட்டினேன்.

பெண்பிள்ளைகள் நிறம் பார்த்துத் துண்டு பொறுக்கினார்கள். மூத்தவள் நீலத்துக்குப் பக்கத்தில் என்ன போடலாம் என்று ஒரு மணித்தியாலம் யோசிப்பாள். அடுத்தவளுக்குச் சிவப்பைத் தவிர எதுவும் ஆகாது. பொடியனுக்கு மட்டும் நான் அந்தச் சும்மா வந்த பையைக் கொடுத்து, "இதுல பாத்து எடுத்துக்கடா" என்றேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. குத்தூசிக்காரன்!

ஒரு நாள் வேலை முடிந்து வருகிறேன். வாசல் படியில் ஒரு சின்ன ஆமிக்காரன் உட்கார்ந்திருக்கிறான்.

பச்சை, மண் நிறம், கறுப்பு, இலை இலையாக. தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டு, முகம் மட்டும் வெளியே. "அப்பா, இலைத்துணி! அக்காமார் தைச்சு, முடிச்சும் அவங்களே போட்டுக் குடுத்தாங்க. எல்லாமே இலைத்துணிதான்!"

அந்தத் துணியை ஆமியில் இல்லாதவர்கள் வைத்திருக்கக் கூடாது என்பது எங்கள் ஊரில் கோழிக்கும் தெரியும். தமிழ் வீட்டில் அது இருந்தால் கேள்வி எப்படிப் போகும் என்று ஒரு நொடியில் எனக்கு முழுசாக ஓடியது. துணி எங்கிருந்து வந்தது? யாருக்குத் தைக்கிறாய்? எத்தனை தைத்தாய்? தைத்ததை எங்கே அனுப்பினாய்? வீட்டில் வேறு கோணி ஊசி, கொக்கி ஊசி, நூல் பந்து. தையல் தொழிற்சாலையே நடத்துகிற மாதிரி ஏற்பாடு!

பொடியனை அப்படியே சுருட்டி உள்ளே தூக்குவதற்குள் எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டாள். சிங்கள அக்கா, பிள்ளைகளுக்கு 'நெந்தா', அதாவது அத்தை. அவளுடைய மகன் ஆமியில். அவன் படத்தை வாசல் நிலைக்கு மேலேயே மாட்டியிருந்தாள்.

"மல்லி!" என்று கூப்பிட்டாள். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். "பொடியன் என்ன வடிவு! அந்தத் துணி எங்கே வாங்கினீங்க? இன்னும் இருக்கா?"

இன்னும் இருக்கா! பொலிஸ் கேட்கிற கேள்வியை அப்படியே கேட்கிறாள். "இல்ல அக்கா, துணியே இல்ல" என்றேன், கையில் துணியோடு.

உள்ளே போய் ஜன்னல்களைச் சாத்தினேன். பிள்ளைகளை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். மூத்தவளுக்கு விளங்கியது, முகம் சுருங்கிப் போனது. பொடியன் போர்வையை விடவே இல்லை. "இதுல மிருகம் எல்லாம் இருக்குப்பா, பாருங்களேன்" என்று ஒரு மூலையை என் மூக்கிடம் நீட்டினான். "காட்டுத் துணின்னா மிருகம் இருக்கும்தான். விடுடா" என்றேன். பார்க்கவில்லை. கண்ணை வைத்துப் பார்த்தால் நானும் கூட்டு என்று ஆகிவிடுமோ என்று பயம்.

எப்படித் தொலைப்பது? எரித்தால் புகை வரும். எதிர்வீட்டு அக்கா என்ன எரிகிறது என்று கேட்பாள். ஆற்றில் போடலாம். ஆனால் அந்தக் காலத்தில் பாலத்தில் நின்று ஆற்றுக்குள் பார்சல் போடுகிறவனைவிடச் சந்தேகமான ஆள் யார்? பஸ்ஸில் கொண்டுபோய் எங்கேயாவது விட்டு வரலாமென்றால் வழியில் செக்பொயின்ட். மண்ணைத் தோண்டிப் புதைத்தால், தோண்டும்போது பார்த்தவன் என்ன புதைக்கிறான் என்று சொல்ல மாட்டான். எத்தனை புதைத்தான் என்றுதான் சொல்லுவான்.

மறுநாள் ஸ்டோரில் முதலாளியிடம் பேச்சுக் கொடுத்தேன். முஸ்லிம் மனிதர், வயதானவர், நல்ல மாதிரி.

"முதலாளி, ஒரு பேச்சுக்கு வைங்களேன். ஒருத்தர் வீட்டுல ஒரு துணி இருக்கு. இருக்கக் கூடாத துணி."

"எந்த ஒருத்தர்?"

"ஒருத்தர்."

"அந்த ஒருத்தருக்கும் ஒன்ட மூஞ்சியா?" என்று கேட்டுவிட்டு மிளகைக் கையில் அள்ளி ஊதினார். "துணி பேசாதுடாப்பா. நீ பேசாம இருந்தாச் சரி. எவ்வளவு துணி?"

எவ்வளவு என்று ஏன் கேட்டார்? மத்தியானம் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தேநீர் கொடுத்தார். அவர் ஒரு வாய் குடிக்கும்வரை நான் குடிக்கவில்லை.

கடைசியில் மூடிவிடுவது என்று முடிவு. பொடியன் ஒத்துக்கொண்டது அந்த ஒன்றுக்குத்தான்: இலைத்துணிப் பக்கத்தின் மேல் மனைவியின் இன்னொரு சேலை, மஞ்சள் பூப் போட்டது, நாலு பக்கமும் தையல். உள்ளே இருப்பது எங்கள் நாலு பேருக்கு மட்டும் தெரியும். மூன்று பக்கம் மூத்தவள் சின்ன ஊசியால் அழகாகத் தைத்தாள். நாலாவது நீளப் பக்கம் என் பங்கு. அவசரம். கை தானாகக் கொக்கி ஊசியை எடுத்தது. கண்ணிக்குள் கண்ணி, கண்ணிக்குள் கண்ணி. முடித்துத் தட்டிப் பார்த்தேன். கெட்டி! ஸ்டோர் பழக்கத்தில் நூல் முனையை நாலு விரல் நீளத்துக்கு வெளியே விட்டேன். பரிசோதனைக்கு வருகிறவர் தேடித் திரியக் கூடாது. அது எங்களுக்குள் ஒரு மரியாதை.

வெள்ளிக்கிழமை மனைவியின் போன் வந்தது. போனில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்பதால் நான் மறைவாகப் பேசினேன்.

"இங்க கொஞ்சம் கீரை வாங்கிட்டோம். கெட்ட கீரை."

"கெட்ட கீரைன்னா வீசுங்க."

"வீச முடியாது. யாராவது பார்த்துருவாங்க. அதான் மேல ஒன் சேலையைப் போட்டுத் தைச்சிட்டேன்."

"கீரைக்கு மேல என் சேலையையா?" பிறகு மெதுவாக, "நீங்க ஒழுங்கா நித்திரை கொள்றீங்களா?"

அதற்குப் பிறகு எதிர்வீட்டு அக்கா இரண்டு தடவை வந்தாள். ஒரு தடவை பாற்சோறு கொண்டுவந்து, துணி இருக்கா என்று கேட்டாள், இல்லை என்றேன். பாற்சோற்றைக் கரண்டியால் நடுவில் குத்திப் பார்த்தேன். மற்றத் தடவை வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்து, "பொடியன் இப்போது அதைப் போர்த்துறதில்லையா? துணி மிச்சம் இல்லையா மல்லி?" என்றாள். பையில் ஒரு பெரிய துண்டு மிச்சம் இருந்தது. இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன். அவள் மகன் ஆமியில், அவளுக்கு அந்தத் துணி நன்றாகத் தெரியும், பார்த்திருக்கிறாள், மூன்று தடவை கேட்டிருக்கிறாள். எனக்கு வேறென்ன வேண்டும்? மாரியம்மனுக்கு ஒரு மாவிளக்கு நேர்ந்தேன். பிறகு, அம்மன் ஒருத்திக்கே எத்தனை வேலை என்று யோசித்து, பக்கத்துத் தெருக் கோயில் மாதாவுக்கும் இரண்டு மெழுகுதிரி.

அவர்கள் வந்தது ஒரு சனிக்கிழமை காலை. பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தெருவை இரண்டு பக்கமும் மறித்து வீடு வீடாகத் தேடினார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு பெரிய அதிகாரியும், எங்களுக்கு அவர் 'சேர்', சின்ன வயதுச் சிப்பாய் ஒருவனும். சேர் செருப்புக் கழற்றுகிற இடத்தில் நின்று, "உள்ளே வரலாமா?" என்று கேட்டார். திட்டிக்கொண்டு வந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அலுமாரியைத் திறந்தார்கள். ரோஜாப் போர்வையை விரித்தார்கள், சிப்பாய் தும்மினான். சட்டி பானை பார்த்தார்கள். பிறகு சிப்பாய் பொடியன் பக்கம் திரும்பினான். பொடியன் தன் போர்வையை நாலாக மடித்து அதன்மேலேயே உட்கார்ந்து பாண் தின்றுகொண்டிருந்தான். சிப்பாய் சிரித்துக்கொண்டே அவனைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான். போர்வையை எடுத்தான், தடவினான். ஓரத்தில் நாலு விரல் நீளத்துக்கு ஒரு நூல். யார்தான் இழுக்காமல் இருப்பார்கள்?

சரசரவென்று ஒரு பக்கம் முழுக்கப் பிரிந்தது. மஞ்சள் பூச் சேலை கீழே தொங்கியது. இலை இலையாகப் பச்சை.

எனக்குச் சிங்களம் நன்றாக வரும். மாத்தளையில் மிளகு வாங்கி விற்கிறவனுக்கு வராமல் எப்படி? அன்றைக்கு நான் கற்ற சிங்களம் முழுவதிலும் ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது. வாயைத் திறந்தேன். "கீரை, சேர்" என்றேன்.

"கீரையா?"

சேர் போர்வையைக் கையில் வாங்கினார். "யார் தைத்தது?"

மூன்று பிள்ளைகளும் கையைத் தூக்கினார்கள்.

"யார் இதை மூடித் தைத்தது?"

மூன்று விரல்கள் என்னைக் காட்டின. வளர்த்த பிள்ளைகள்!

பொடியன் அதற்குள் சிப்பாய்க்குப் பக்கத்தில் போய்விட்டான். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் பொறுக்கிய சிங்களத்தில், "இங்க பாருங்க, இலைக்குப் பின்னால டைனோசர் இருக்கு. இங்க ஒண்ணு. இதுக்குக் கழுத்து நீளம். இது குட்டி" என்று விரலை வைத்துக் காட்டினான். சிப்பாய் குனிந்தான். நானும் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். ஒவ்வொரு இலைக் கூட்டத்துக்கும் இடையிலிருந்து விரல்நகம் அளவு டைனோசர்கள் சிரித்துக்கொண்டிருந்தன. எந்த நாட்டுப் பிள்ளைக்கோ கார்மென்டில் தைத்த காற்சட்டையின் வெட்டுத்துண்டு. பொடியன் சொன்ன மிருகம் அதுதான். எந்த ஆமியும் டைனோசர் போட்டுச் சண்டைக்குப் போவதில்லை.

தப்பினேன் என்று மூச்சு விட்டேன். சேர் சிரிக்கவில்லை.

"இது பிள்ளைகள் துணி" என்றார். "இதை ஏன் மறைத்தாய்?"

ஆமித் துணி என்று நினைத்து மறைத்தேன் என்று சொல்லலாம். அப்படியானால் ஆமித் துணி என்று நினைத்துக்கொண்டே வீட்டில் வைத்திருந்திருக்கிறாய். பயத்தில் மறைத்தேன் என்றும் சொல்லலாம். குற்றமில்லாதவனுக்கு என்ன பயம்? துணியில் ஒன்றுமே இல்லை. என் தையலில்தான் எல்லாம் இருந்தது.

"வண்டியில் ஏறு. கேம்பில் வந்து சொல்லு."

சிப்பாய் என் கையைப் பிடித்தான். இறுக்கமாக இல்லை. மூத்தவள் எழுந்து தம்பியைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் சிங்களம் என்னுடையதைவிடச் சுத்தம்.

"சேர், அம்மா குவைத்துல. அப்பா போனா எங்களுக்குச் சமைச்சுத் தர ஆளில்லை."

சேர் அவளைப் பார்த்தார். பிறகு பொடியனிடம் குனிந்து, "அப்பா நல்லா சமைப்பாரா?" என்று கேட்டார்.

நான் பொடியனைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் யாரிடமும் அப்படிக் கண்ணால் கெஞ்சியதில்லை.

"இல்ல சேர்" என்றான். "பருப்பு தண்ணி."

சிப்பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறைக்க முகத்தைத் திருப்பினான். மூத்தவள் அந்தச் சிரிப்பை விடவில்லை. "அப்பாவுக்கு எல்லாத்துக்கும் பயம் சேர். பாற்சோறு குடுத்தாலும் குத்திப் பார்த்துத்தான் திம்பாரு. அம்மாகிட்ட போன்ல இந்தத் துணியைக் கீரைன்னு சொன்னாரு. கீரை மேல ஏன் சேலையைத் தைச்சீங்கன்னு அம்மா கேக்கிறாங்க" என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். நடுவில் உள்ளவள் சும்மா இருப்பாளா? ஜன்னல் சாத்தியது, அம்மனுக்கும் மாதாவுக்கும் ஒரே நாளில் நேர்ந்தது என்று விட்ட இடத்தையெல்லாம் நிரப்பினாள். என் வீட்டுக் கூடத்தில், என் மானம் துண்டு துண்டாக வெட்டி விரிக்கப்பட்டது. இவ்வளவு பெரிய கோழையை வைத்துக்கொண்டு யாரும் எந்தக் காரியமும் செய்ய முடியாது என்று சேருக்கே விளங்கியிருக்க வேண்டும். மீசைக்குள் எதுவோ அசைந்தது.

"ஆளை விடு" என்றார். "இதைக் கொண்டு போவோம். பார்க்கணும்."

என்னை விட்டுவிட்டுப் போர்வையைக் கொண்டுபோனார்கள்.

பொடியன் வண்டி மறையும்வரை அழுதான், மறைந்த பிறகும் அழுதான். என்னைக் கொண்டுபோயிருந்தால் இவ்வளவு அழுதிருப்பானா என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் நிம்மதி இல்லை. ரோஜாப் போர்வையை எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்று உதைத்தான். அக்காமார் தங்களுடையதைத் தந்தார்கள், அதுவும் வேண்டாம். "போய்க் கேளுங்கப்பா. அது நம்மளோடது." கேட்கிறேன் என்று கிளம்பினேன். கேம்ப் தெரிகிற வளைவு வரைக்கும் போனேன். அங்கே குனிந்து செருப்பைக் கட்டினேன். என்னுடையது ரப்பர் செருப்பு. கட்டுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. நிமிர்ந்து, வந்த வழியே திரும்பிவிட்டேன்.

பொடியன் என்னை நம்பி இருக்கவில்லை. எதிர்வீட்டுக்குப் போய் நெந்தாவிடம் சொல்லிவிட்டான். அவள் வெற்றிலையை வாயில் அதக்கி, குடையை எடுத்துக்கொண்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு கேம்ப் பக்கம் நடந்ததை ஜன்னல் இடுக்கால் பார்த்தேன். முடிந்தது! துணி இன்னும் இருக்கா என்று மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் இல்லை என்றான் என்று சொல்லப் போகிறாள். ஒரு பையில் இரண்டு சாரமும் பல்லுத் தூரிகையும் வைத்தேன். மூத்தவளைக் கூப்பிட்டு, அரிசிக்குத் தண்ணீர் எவ்வளவு வைப்பது என்று சொல்லிக்கொடுத்தேன்.

"நீங்க சொல்ற அளவுக்கு வச்சித்தான்ப்பா சோறு குழையுது" என்றாள். ஆனால் பையைப் பார்த்ததும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். எழும்பிப் போகவில்லை.

அக்கா திரும்பி வந்தபோது தோளில் போர்வை. ஜீப் இல்லை, சேர் இல்லை. மூச்சு வாங்க உட்கார்ந்து தண்ணீர் கேட்டாள்.

"செக்பொயின்ட் குடிலுக்கு மறைப்பாக் கட்டி வச்சிருக்கிறானுங்க, மழைக்கு! குழந்தையோட போர்வையை! நல்லாக் குடுத்தேன். நானும் ஒரு ஆமிக்காரனோட அம்மாதானே, என்னை என்ன செய்வானுங்க?"

பிரிந்த பக்கம் திரும்பத் தைத்திருந்தது. அன்றைக்கு நூலை இழுத்தவனே டியூட்டியில் உட்கார்ந்து தைத்தானாம். நாவுலப் பக்கத்துப் பிள்ளை, வீட்டில் அவன் அம்மாவும் இப்படித்தான் துண்டு சேர்த்துத் தைப்பாள் என்று சொன்னானாம். பச்சை நூல், சின்னச் சின்னத் தையல். எங்கே இழுத்தாலும் வராது.

பொடியன் அதை வாங்கிக்கொண்டு பாய்க்கு ஓடினான். அக்கா போகாமல் நின்றாள். "மல்லி, உண்மையாவே அந்தத் துணி கொஞ்சமும் இல்லையா?" என்றாள். "மகன் இப்ப சண்டையில முன்னுக்கு இருக்கிறான். போன் வந்து நாளாச்சு. பொடியனை அன்றைக்கு வாசல்ல பார்த்த நேரம், அவன் சின்னதில இருந்த மாதிரியே இருந்தது. ஒரு தலையணை உறைக்கு இருந்தாக் காணும்."

மிச்சத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. துணியை விரித்து, டைனோசரைப் பார்த்து, "இது என்ன, தலகொயாவா?" என்றாள். உடும்பைச் சொல்கிறாள். ஆமாம் என்றேன்.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கேம்பிலிருந்து ஒரு பொருள் தைத்து மூடித் திரும்பி வந்திருக்கிறது. உள்ளே என்ன வைத்தார்கள்? மறுநாள் ஸ்டோரிலிருந்து குத்தூசியைப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். அதே செக்பொயின்டைத் தாண்டி ஒரு கூரான இரும்பைக் கொண்டு வந்திருக்கிறேன் என்பது வீட்டு வாசலில்தான் உறைத்தது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு போர்வையைப் பாயில் விரித்து, முதல் குத்துக்கு இடம் பார்த்தேன்.

மூன்று பேரும் போர்வையின் மேல் விழுந்து படுத்துக்கொண்டார்கள்.

"குத்துங்க பாப்போம்" என்றாள் நடுவில் உள்ளவள்.

அந்த நேரம் போன் அடித்தது. மனைவி. பிள்ளைகள், சம்பளம் என்று எல்லாம் பேசி முடித்து, "அந்தக் கீரை என்னாச்சு?" என்று கேட்டாள்.

இனி மறைக்க என்ன இருக்கிறது என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். "ஆமிக்காரங்க கொண்டு போனாங்க. என்னையும் கொண்டு போகப் பார்த்தாங்க, பிறகு பருப்பு தண்ணின்னு விட்டுட்டாங்க. கொஞ்ச நாள் மழைக்குக் கட்டி வச்சிருந்து, தைச்சுத் திருப்பித் தந்துட்டாங்க. இப்ப உள்ள என்ன இருக்குன்னு குத்திப் பார்க்கலாம்னா, பிள்ளைகள் அதுக்கு மேல படுத்துக்கிட்டு எழும்புறாங்க இல்ல."

மனைவி, பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள்.

"சரி. நீங்க போனை மூத்தவகிட்ட குடுங்க."

கொடுத்தேன். மூத்தவள் எழும்பாமல், படுத்தபடியே காதில் வைத்துக்கொண்டாள்.

"இல்லம்மா, நல்லாத்தான் இருக்காரு" என்றாள். என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். "வீட்டுலதான் இருக்காரு. இங்கதான் நிக்கிறாரு. கையில குத்தூசி. நான் வாங்கி வைக்கிறேன்."